ஐஸ்பெட்டி அண்ணனின் வீடியோ கேம்

செஞ்சி வட்டாரத்தில் ஐஸ்பெட்டி அண்ணன் கால் படாத வீடே கிடையாது. அத்தனை வீட்டில் ஒன்றில்கூட அவரை யாரும் "வாங்க" என்று கூப்பிட்டதும் கிடையாது. இழவு வீட்டில் அப்படிக் கூப்பிடக் கூடாதே! பிணத்தை வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடுவது அவர் தொழில். பஜாரில் டீ குடிக்க நின்றாலும் பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய், "யாருண்ணே?" என்பார். "டீக்கு வந்தேன்பா" என்று இவர் கிளாஸைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தம் வீட்டுக்கு நாலு பேர் சிரித்த முகத்தோடு வர வேண்டும். எங்கள் தெருவோ, கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் வாசற்படியில் வைத்துவிட்டு ஓடுகிற தெரு.

சின்ன வயதில் திண்டிவனத்தில் நின்றுகொண்டே ஆடியது போன்ற ஆளுயர வீடியோ கேம் பெட்டி ஒன்று, பழைய சாமான் கடையில் கிடப்பதைப் பார்த்தார். உடனே வாங்கிவிட்டார். "இத்த வூட்ல வெச்சா தெருவே வரும் பாரு" என்றார் என்னிடம்.

தெரு வரத்தான் செய்தது. பெட்டியைத் தம் வண்டியில் படுக்க வைத்து, அடிபடாமலிருக்க வெள்ளை வேட்டியைப் போர்த்திக் கொண்டுவந்து, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, இறக்க ஆள் பிடிக்கத் தெருமுனைக்குப் போனார். எதிர்வீட்டு மல்லிகா அக்கா கண்ணில் வேட்டி பட்டது, அண்ணன் படவில்லை.

"அய்யோ, ஊருக்கெல்லாம் பொட்டி குடுத்த மவராசன் பூட்டாரே!"

கரண்டியோடு வெளியே வந்த அண்ணன் மனைவி சரசுவைக் கட்டிக்கொண்டு பத்துப் பெண்கள் அழ, விவரம் தெரியாமல் அவரும் அழ, யாரோ மாலையே வாங்கி வந்துவிட்டார்கள். அண்ணன் ஓட்டமாக வந்து, "யாருக்கு இன்னா ஆச்சி?" என்றார்.

"உனுக்குதான்யா! நீதான் செத்துப்பூட்ட!" என்றார் சரசு, கரண்டியை ஓங்கி.

இழவுக்கு வாங்கின மாலையைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது என்பதால் அதை வீடியோ கேமுக்கே போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

பிறகு அண்ணன் வேலையில் இறங்கினார். கரையான் தின்ற பலகைக்குப் பதில் புதுப் பிளைவுட். செத்துப்போன திரைக்குப் பதில் அரசாங்கம் கொடுத்த இலவச டிவி. ஆட்டுகிற குச்சிக்குத் தலையாகத் தம் கட்டிலின் மரக்குமிழ். எல்லாம் ஓடியது, ஆனால் சூடாகிச் சூடாகி அணைந்தது. வேறு யாராவது சின்ன ஃபேன் ஒன்று வைத்திருப்பார்கள். அண்ணனுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். பழைய ஐஸ்பெட்டியின் குளிர்சாதனத்தைக் கழற்றி அதற்குள் மாட்டி, அனல் கொல்லைப்பக்கம் போகச் சுவரில் ஒரு ஓட்டையும் போட்டார். தொட்டால் விரல் விறைக்கிற வீடியோ கேம் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன்.

வீடு வீடாகக் கூப்பிட்டார். "வரோம்ண்ணே" என்றார்கள். யாரும் வரவில்லை. பாவம், தனியாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அக்னி நட்சத்திரம் வந்தது. கோட்டை மலைப் பாறையெல்லாம் பகலில் குடித்த வெயிலைச் சாயங்காலம் எங்கள் தலையில் கொட்டும். மல்லிகா அக்காதான் முதலில் எட்டிப் பார்த்தார்.

"உங்க வூடு ஜில்லுனு இருக்குதாமே?"

அந்த வாரமே அவர் திரையில் பறக்கிற குட்டி விமானத்தை வைத்து எதிரிகளை அப்பளமாக நொறுக்கினார். தெருவே பின்னால் நின்று கத்தியது.

ஒரு சாயங்காலம் அண்ணன் அதுவரை தொடாத கட்டத்துக்குப் போய்விட்டார். கையில் மிச்சம் கடைசி விமானம்; அதுவும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அப்போது போன் அடித்தது.

"பனமலை ஊரா? பொட்டியோட தோ வரேம்மா." குச்சியை மல்லிகா அக்கா கையில் கொடுத்தார். "பூட்டு வந்துர்றேன். வுட்டா செத்துடும், பாத்துக்க."

நிறுத்திவைக்க அதில் பட்டன் கிடையாது. மல்லிகா அக்கா, சரசு, நான், மறுபடி அக்கா என்று மாறி மாறிப் பிடித்தோம். சோறு வடிக்கக்கூட யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன் திரும்பி வந்து, கொல்லையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு எட்டிப் பார்த்தபோதும் விமானம் பறந்துகொண்டிருந்தது. ஊர்ச் சாவுக்கெல்லாம் ஓடுகிற மனிதருக்கு, அவர் வீட்டில் ஒரு உயிரையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் போலிருந்தது எங்களுக்கு.