துரை ஆவிக்குப் புரியாத இங்கிலீஷ்

"ஆஃப்னா என்னடி? லைட்டு ஆஃப், ஃபேன் ஆஃப், என் வேலையும் ஆஃப்! துரையே சொல்லிட்டாரு..."

"எந்தத் துரை? செத்து எழுபது வருசமான..."

"வாயை மூடு! காதுல விழுந்தா..."

"காதா? மண்ணுக்குள்ள போனவனுக்குக் காது எங்க இருக்கு? வேலைக் காயிதம் வந்தா எங்கிட்ட காட்ட மாட்டீங்களா?"

காட்டமாட்டார். போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டலில் ரூம் கூட்டுகிற பெண்டாட்டி படித்துச் சொல்லவா? மாயாண்டிக்கு மீசை இருக்கிறதே! லாரி ஓட்டிய வேலை போய் ஐந்து மாதம். மீசை மட்டும் போகவில்லை.

தனலெட்சுமி காகிதத்தைப் பிடுங்கினாள். "'டர்ன் அப் ஆன் மண்டே. டோண்ட் புட் இட் ஆஃப்.' திங்கக்கிழமை வந்து சேரு, தள்ளிப்போடாதேங்கிறான். நாளைக்குத்தான்யா திங்கக்கிழமை!"

"டர்ன்னா திருப்பு, அப்னா மேலே. என் மனுவை மேலே திருப்பிட்டாங்களாம். பரிகாரம் செய்யணுமாம்."

"ரெண்டு வார்த்தை சேர்ந்தா குணமே மாறிடும்லா, கல்யாணமான ஆம்பளை மாதிரி. நானும் மொதநாள் 'செக் அவுட்'னதும் வெளியே எட்டிப் பார்த்தவதான். ரூமைக் காலி பண்றாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"துரை சொன்னது சொன்னதுதான்" என்றார் மாயாண்டி. நாளைக்குப் போகவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

தனலெட்சுமி ஒரு தாளில் இரண்டு வரி எழுதினாள். புருசனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

லிங்கி ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், இடிந்த துரை பங்களா வாசலில், ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் நிறுத்த இடமிருக்காது. மந்தின், ராசா ஊர்களிலிருந்தும் ஜனம் வரும். இன்சூரன்ஸ் காகிதம், பரீட்சைக் காகிதம், வக்கீல் காகிதம். எந்த இங்கிலீஷ் காகிதமானாலும் சாமியாடி அமிர்தலிங்கத்தின் மேல் வெள்ளைக்காரத் துரை இறங்கிப் படித்துச் சொல்லுவார். மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழம் போதும். துரைக்குப் பிராந்தி வேண்டும், சுருட்டு வேண்டும், டின் பிஸ்கட் வேண்டும். ஆவிக்குப் பசி அதிகம்.

தொப்பியும் பிரம்புமாக ஆடிக்கொண்டிருந்தார் அமிர்தலிங்கம். "யெஸ்! நோ! பிளடி ஃபூல்!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. திட்டினால்தானே துரை!

தனலெட்சுமி தாளை நீட்டினாள். "வீட்டுக்கு வந்த காயிதம், தொரே."

துரை முகர்ந்தார். முனகினார். "ஆல்... இன்... உங்க எல்லாரையும் துரை உள்ளே எடுத்துக்கிட்டாரு! மேக்... அப்... மேக்கப்! பொண்ணுக்கு அலங்காரம்! கல்யாணம் கூடி வருது!"

கூட்டத்தில் முன்னால் நின்ற வள்ளியம்மா குலவையே போட்டுவிட்டாள்.

"எனக்குப் பொண்ணே இல்லையே தொரே" என்றாள் தனலெட்சுமி. வரிசையில் பிராந்திப் போத்தலோடு நின்ற, எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தர்மராஜிடம் திரும்பினாள். "கிராணியாரே, உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருமே. சத்தமாப் படிங்க."

கிராணி போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். படித்தார். தொண்டையைச் செருமினார்.

"'திஸ் மேன் டேக்ஸ் யூ ஆல் இன். ஹி மேக்ஸ் இட் ஆல் அப்.' அதாவது... இந்த ஆளு உங்க எல்லாரையும் ஏமாத்துறான். சொல்றதெல்லாம் இவனே கட்டிவிட்ட கதை."

"எழுதினது நான்தான்" என்றாள் தனலெட்சுமி. "துரை பேசுற பாஷை துரைக்கே தெரியலையே!"

அமிர்தலிங்கம் தொப்பியைக் கழற்றினார். "துரை... மலையேறிட்டாரு."

"காயிதத்தைப் பார்த்ததும் ஏறிட்டாரா? ஏன் கிராணியாரே, இத்தனை நாள் நீங்க வாயைத் திறக்கலை?"

"ஊரே நம்புறப்ப நான் மட்டும் எப்படிம்மா..."

மாயாண்டி பையிலிருந்து தன் காகிதத்தை எடுத்துக் கிராணியிடம் நீட்டினார். கிராணி ஒரு தடவை பார்த்தார். "நாளைக்கே வந்து சேரச் சொல்றான்ப்பா."

"பொம்பளை எழுதின காயிதம்லா, தீட்டு. அதான் துரைக்குச் சரியாத் தெரியலை" என்றாள் வள்ளியம்மா. நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. ஒருத்தர் பிஸ்கட் டின்னை மறுபடியும் முன்னால் நகர்த்தினார்.

தனலெட்சுமி அந்த டின்மேல் கை வைத்தாள்.

"உயிரோட இருந்தப்ப நம்ம பாட்டன்மாருக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லிக் கொடுக்காதவன், செத்தப்புறம் எழுந்து வந்து உங்களுக்குக் காயிதம் படிச்சுக் கொடுப்பான்னு சொன்னது யாரு, உங்க புத்தியா, உங்க பயமா?"