கோரையைக் குளிப்பாட்டிய கதை

பிள்ளைக்கு நல்லது செய்யக் கிளம்பினாலே என் கைக்கு எப்படிச் சோப்பு வந்துசேர்கிறது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் மகள் ஜெசி ஒன்றாம் வகுப்பு. திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்க அவள் குரல்தான். வகுப்பில் மட்டும், பெயர் கூப்பிட்டால்கூட கையைத்தான் தூக்குவாள். 'எங்க ஊர்ச் செடி' பற்றித் திங்கட்கிழமை எல்லோரும் பேச வேண்டும் என்றார் மிஸ்.

"கோரையைக் கையில வச்சிக்கினா பேசுவேன்" என்றாள் ஜெசி. (எண்ணூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சதுப்பில் நிற்கிற அந்தக் கோரைப்புல்லுக்கு டாட்டா காட்டுவாள்.)

சனிக்கிழமை, பக்கத்து வீட்டு மீன்காரச் செல்வி அக்கா எண்ணூர்ச் சதுப்புக்குக் கூட்டிப்போனார். ஆள் உயரக் கோரை. தண்டைத் தடவினால் மூன்று பட்டை. முழங்கால்வரை இறங்கி வேரோடு பிடுங்கினேன். (ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.)

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அந்தத் தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பலோ, ஆலைக்கழிவோ! குழந்தை பிடிக்கப்போகிற செடி. வேரை மூன்று தண்ணீரில் அலசினேன். மனசு கேட்கவில்லை. சோப்பு போட்டேன். மஞ்சள் கலந்த வெந்நீரில் ஒரு முக்கு. பிறகு துண்டால் துவட்டி (ஆமாம், துவட்டினேன்), ஓட்டைத் தொட்டியில் செம்மண் நிரப்பி நட்டேன். வேர் அழுகிவிடுமே என்று தண்ணீரை ஸ்பூனில் விட்டேன்.

திங்கள் காலை, கோரை வெந்த கீரைத்தண்டாகச் சாய்ந்து கிடந்தது.

செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, குளிப்பாட்டினியா, அவிச்சியா? தண்ணிலயே நின்னுகினு கீறத போய்த் தலை துவட்டிக்கீற!"

ஜெசி அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. துவண்ட செடியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனாள். நான் ஜன்னலோரம் நின்றேன்.

"இது கோரை" என்றாள். சாய்ந்த தண்டை நிமிர்த்திப் பிடித்தாள்.

"சேத்துலதான் வளரும். எங்கம்மா இதுக்கு வெந்நீர் வச்சுக் குளிப்பாட்டினாங்க."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் துவட்டியதை நடித்தே காட்டினாள். மிஸ் போதும் என்று சொல்லியும் அவள் நிறுத்தவில்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, மானம் போன சந்தோஷத்தில் அழுதேன்.

செல்வி அக்கா சேறு கொண்டுவந்து, அந்த வேரை ஒரு வாளியில் அமுக்கி வைத்தார். இரண்டு வாரத்தில் பச்சை முளை. இப்போது குளிக்கக் கூப்பிட்டால், "அம்மா, நான் கோரை!" என்று மகள் ஓடுகிறாள். அவள் அப்பாவும்தான்.

வாளித் தண்ணீரில் கொசு வருமே என்பது என் புதுக் கவலை. மீன் விடச் சொல்கிறார் செல்வி அக்கா. ஜெசி ஒத்துக்கொள்ளவில்லை: "வேணாம், அம்மா அதையும் துவட்டிடுவாங்க."

வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.