நியாயம் அண்ணன் கடல் காட்டிய கதை

உலகத்தில் எது நடந்தாலும், தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நடந்துவிட்டதே என்று நிஜமாகவே கொதித்த ஒரே மனிதரை ரெட்டிபாளையத்தில்தான் பார்த்தேன். சிமென்ட் லாரிகளை எடை போடும் எடைமேடையில் அவருக்கு வேலை. பக்கத்து அறையில் எனக்குப் பில் போடும் வேலை. எதற்கெடுத்தாலும் "நியாயமா இது?" என்பார். பெற்றோர் வைத்த பெயர் மறைந்து, ‘நியாயம்’ அண்ணனாகவே ஆகிவிட்டார்.

பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்து ஒரு லீவு போனதற்காக, காலண்டர் கொடுத்த மளிகைக்கடைக்காரரோடு ஒரு மாதம் பேசவில்லை. அரியலூர் பஸ் இரண்டு நிமிடம் முன்னதாகக் கிளம்பியபோது, ஆட்டோவில் துரத்திப் பிடித்து, டிரைவரைத் திட்டிவிட்டு, அதில் ஏறாமலே திரும்பினார்.

அவர் மனைவி செல்வி அக்கா கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் காட்டுவதாகச் சொன்னவர், இருபத்திரண்டு வருடம் கழித்து, போன வருடம்தான் இரண்டு நாள் லீவு வாங்கினார். சென்னை எனக்குத் தெரியும் என்று வாய் தவறிச் சொன்னதால் என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

போய் இறங்கினால் புயல். லாட்ஜ் டிவியில் செய்தி வாசித்த பெண், "நாளையும் மழை தொடரும்" என்றார்.

"யாரக் கேட்டுத் தொடருது?" என்று டிவியிடம் எகிறினார் அண்ணன்.

மிருகக்காட்சிசாலை மழையால் மூடல். "காட்டுல புலிக்கு என்ன வூடா கட்டி வெச்சிருக்கு? நனையாததா அது?" என்று வாசல் காவலாளியிடம் மல்லுக்கு நின்றார். மியூசியத்துக்குப் போனால் வார விடுமுறை. "உள்ள இருக்கறவங்க செத்து ஆயிரம் வருசமாச்சு. அவங்களுக்கென்ன தம்பி லீவு?"

மறுநாள் மதியம் ஊருக்குப் பஸ். காலையில் கொட்டும் மழையில் கடற்கரைக்குப் போனோம். குறுக்கே இரும்புத் தடுப்பு. அதற்கப்பால் மூடிக் கிடந்த வண்டிக்கடைகள் கடலை மறைத்தன. இரைச்சல் மட்டும் கேட்டது.

"தடுப்பத் தாண்டக் கூடாது சார். ரெட் அலர்ட்" என்றார் இளம் போலீஸ்காரர்.

அண்ணன் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். அக்கா அவர் சட்டையைப் பிடித்தார். "சத்தம் கேட்டாச்சுல்லங்க. எனக்கு அதுவே போதும். வாங்க, போவோம்."

இழுத்த மூச்சை அண்ணன் அப்படியே விட்டார். விறுவிறுவென்று போனவர், டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்தார். கணுக்கால் தண்ணீரில், தடுப்புக்கு ஒரு சாண் இப்பால் போட்டார்.

"தாண்டக் கூடாதுன்னுதான சொன்னீங்க? ஏறக் கூடாதுன்னு சொல்லலியே. ஏறு செல்வி!"

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிடித்த குடை காற்றில் திருப்பிக்கொண்டது. அக்கா ஏறி, கடைக்கூரைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"யம்மாடி! பனமர ஒசரத்துக்கு எந்திரிக்குதுங்க!"

அப்புறம் அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணன் குனிந்து ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் முதுகில் மழை அடித்தது.

"நீங்களும் ஒரு தடவ ஏறிப் பாருங்க சார். நான் புடிச்சுக்கறேன்" என்றார் போலீஸ்காரர்.

"அவ பாத்து முடிக்கட்டும் சார்."

அக்கா பார்த்து முடிப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் கடலைப் பார்க்காமலே கிளம்பினார். பெரம்பலூர் வரும்வரை அக்கா கைகளை உயர்த்தி உயர்த்தி, ஒவ்வொரு அலையும் வந்த விதத்தைச் சொன்னார். அண்ணன் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது நான் வேலை மாறிச் சென்னையில் இருக்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டால் அவருக்குப் போன் போடுவேன். பத்து நிமிடம் வானத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார். பிறகு, "நீ நனையாம வூடு போய்ச் சேரு தம்பி" என்று வைத்துவிடுவார்.

அதைக் கேட்கத்தான் போன் போடுகிறேன்.