மனுசி கேட்ட ஃபெம் ஆல்பம்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நோர்வேயிலை, குரோருட்டிலை இருக்கிற எங்கடை வீட்டிலையிருந்து ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய், ட்வெய்ட்டாவிலை நிக்கிற மனுசியிட்டைக் குடுக்கிறது.

அவ்வளவுதான். வேறை ஒண்டும் இல்லை.

முதல் விசயத்தைச் சொல்லிப்போடுறன். என்ரை மனுசி சுகந்திக்குச் சின்னப் பிள்ளையளைப் பாக்கிற பார்னஹாகனிலை வேலை. அங்கை கூட வேலை செய்யிற இசபெல் எண்ட பிரெஞ்சுக்காரி அவவுக்கு ஒரு பாட்டு ரெக்கோட் குடுத்தவ. பாடினது ஒரு பொம்பிளை. பாட்டுகளை எழுதினதும் முழுக்கப் பெண் எழுத்தாளர்மார். பொம்பிளையாப் பிறந்ததைக் கொண்டாடுற பாட்டுகளாம்.

சுகந்திக்கு அது நல்லாப் பிடிச்சுப் போச்சு. ட்வெய்ட்டாவிலை நடக்கிற பெண்கள் விழாவிலை, அதிலை ஒரு பாட்டுக்குத் தானும் மூண்டு சிநேகிதியளும் பரதநாட்டியம் ஆடுறதெண்டு முடிவு. கலியாணத்துக்குப் பிறகு அவ மேடையேறுறது இதுதான் முதல் தரம். நித்திரையிலையும் கால் தாளம் போடுது, உதை எனக்கு.

பாட்டு போனிலை கிடக்கு. ஆனா பாட்டின்ரை கருத்து, அந்த ரெக்கோட்டுக்குள்ளை இருக்கிற சின்னப் புத்தகத்திலைதான். ஆட முதல் இசபெல் அதைப் பாத்து நோர்வேஜியனிலை சொல்லோணும். இல்லாட்டி இவை ஏன் கண்ணை உருட்டுகினம் எண்டு சனத்துக்கு விளங்காது.

இவ்வளவும் கிழமைக்கணக்கா என்ரை காதிலை விழுந்ததுதான். மண்டைக்குள்ளை போகேல்லை. "நல்லாக் கிடக்கு, நல்லாக் கிடக்கு" எண்டு சொல்லிக்கொண்டு நான் போனை நோண்டினதுதான் மிச்சம்.

சரி. போன் அடிக்குது. பின்னாலை சலங்கைச் சத்தம், மைக் சத்தம்.

"இஞ்சேருங்கோ! ஃபெம் ஆல்பத்தை விட்டிட்டு வந்திட்டன்! அலுமாரியிலை கீழ்த்தட்டிலை கிடக்கு. உடனே கொண்டு வாங்கோ!"

"எந்த ஆல்பம்?"

"அதுதானப்பா, பொம்பிளையளைக் கொண்டாடுற ஆல்பம்!"

"ஃபெம்மோ?"

"ஓம், ஃபெம்! கெதியா வாங்கோ!"

போனை வைச்சிட்டா.

நோர்வேஜியனிலை ஃபெம் எண்டால் ஐஞ்சு. எங்கடை வீட்டிலை கதைக்கிறது தமிழ், எண்ணுறது நோர்வேஜியன். "ஃபெம் முட்டை அவியுங்கோ" எண்டுவா. "ஃபெம் நிமிசத்திலை வாறன்" எண்டு சொல்லிப்போட்டு ஒரு மணித்தியாலத்தாலை வருவா.

ஆல்பம் எண்டால் என்ன? யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு ஆல்பம் எண்டால் படம் வைச்ச ஆல்பம்தான். தூக்கினால் இடுப்பு, நாரி எல்லாம் பிடிக்கும்.

கணக்குச் சுகமா வந்திட்டுது. ஐஞ்சு ஆல்பம், பொம்பிளையளைக் கொண்டாடுறது. எங்கடை மகள் ஆரணி பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டு ஆல்பம்! அது மூண்டு பாகம். அதோடை எங்கடை கலியாண ஆல்பம் ரெண்டு. சரியா ஐஞ்சு! என்ரை மூளையை நானே மெச்சினன்.

கீழ்த்தட்டிலை எல்லாத்துக்கும் மேலை ஒரு சதுர மட்டை கிடந்தது. ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளையின்ரை முகம் போட்டது. அதைத் தூக்கி ஓரமா வைச்சிட்டு ஆல்பங்களை இழுத்தெடுத்தன்.

ஓம். தெரியும். ஒருத்தரும் ஒண்டும் சொல்ல வேண்டாம்.

இன்னொண்டு. ஆரணிக்கு இப்ப இருபத்திநாலு வயசு. "அந்த ஆல்பத்தை வெளியாக்களுக்குக் காட்டினால் நான் வீட்டை விட்டிட்டுப் பேர்கனுக்குப் போயிடுவன்" எண்டு சொல்லி வைச்ச பிள்ளை. விழாவிலை அறிவிப்பாளரும் அவள்தான். இதுவும் அந்த நேரம் ஞாபகத்துக்கு வரேல்லை.

பெரிய பையொண்டிலை அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினன். முதல் வளைவிலை பையின்ரை காது அறுந்துது. முதலாம் பாகம் வழுக்கிக்கொண்டு போய், ஒரு வயசான நோர்வேஜிய அம்மாவின்ரை காலடியிலை விரிஞ்சு கிடந்துது.

அவ கண்ணாடியைப் போட்டுப் பாத்தா. படத்திலை ஆரணி. பட்டுச் சீலை, தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, ஏறினது பல்லக்கு.

"எவ்வளவு வடிவான மணமகள்! என்ன வயசு?"

நான் பெருமையாச் சொன்னன். "பன்னிரண்டு!"

பஸ்ஸிலை இருந்த தலையெல்லாம் என்ரை பக்கம் திரும்பினது.

"பன்னிரண்டோ?" எண்டா அவ. "மாப்பிளைக்கு?"

அப்பதான் எனக்கு விளங்கினது. பிள்ளைக்குக் கலியாணம் கட்டி வைச்சனான் எண்டு நினைச்சிட்டா. அரசாங்கம் பிள்ளையைப் பறிச்சுப்போடும் எண்ட பயத்தோடை நோர்வேயிலை பிள்ளை வளத்த தமிழனிட்டைக் கேக்கக்கூடாத கேள்வி அது!

"ஐயோ, மாப்பிளை இல்லை!" எண்டு கத்தினன். "இங்கன் மன்! பாரெ ஃபெஸ்ட்!"

ஆம்பிளை இல்லை, கொண்டாட்டம் மட்டும் எண்டு அர்த்தம்.

"என்னத்துக்குக் கொண்டாட்டம்?"

இதை எப்பிடிச் சொல்லுறது? வந்த காலத்திலையிருந்து பாசை படிச்சனான். வரிக் கடிதம் வாசிப்பன், டொக்டரோடை கதைப்பன். இந்தச் சொல்லை மட்டும் எனக்கு ஒரு வகுப்பிலையும் படிப்பிக்கேல்லை.

"பிள்ளை பெரிசா வந்தது" எண்டன்.

"எவ்வளவு பெரிசா?"

நான் கையாலை உயரம் காட்டினன்.

முன் சீற்றிலை இருந்த பெட்டை ஒருத்தி சிரிப்பை அடக்கேலாமல் திரும்பி, அந்த அம்மாவின்ரை காதுக்குள்ளை ஏதோ சொன்னாள். அம்மாவின்ரை முகம் மலர்ந்துது.

"ஓ! அதுக்கு இவ்வளவு பெரிய விழாவோ? எனக்கு எங்கடை அம்மா ஒரு பஞ்சுப் பைக்கற்றை எறிஞ்சுபோட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போயிட்டா!"

பிறகு ரெண்டாம் பாகத்தைக் கேட்டு வாங்கினா. மூண்டாம் பாகத்தையும் வாங்கினா. பஸ்ஸிலை பாதிச் சனம் எழும்பி வந்து பாத்துது. ட்வெய்ட்டாவிலை இறங்கேக்கை, நான் போற இடத்தைக் கேட்டிட்டு, "நானும் அந்த விழாவுக்குத்தான் போறன்" எண்டு மூண்டாம் பாகத்தைக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு நடந்தா. எனக்கும் பாரம் குறைஞ்சுது எண்டு விட்டிட்டன்.

மண்டப வாசலிலை சுகந்தி முழு அலங்காரத்தோடை நிண்டா. பக்கத்திலை இசபெல்.

"எங்கை?"

பையை இறக்கினன். "ஒண்டை அந்த அம்மா உள்ளை கொண்டு போறா. அதோடை சேத்து எண்ணிப் பாருங்கோ. ஃபெம்!"

சுகந்தி பையைப் பாத்தா. என்னைப் பாத்தா. திரும்பப் பையைப் பாத்தா.

"ஃபெம் எண்டால் பிரெஞ்சிலை பொம்பிளையப்பா! அந்த ரெக்கோட்டின்ரை பேரிலை முதல் சொல் அது!"

"ஃபெம் இல்லை சுகந்தி, ஃபாம்" எண்டு இசபெல் மெல்லமாத் திருத்தினா.

நல்ல காலம், அவ சரியாச் சொல்லேல்லை. ஃபாம் எண்டு சொல்லியிருந்தால் ஃபாமிலி ஆல்பம் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பன்.

பகிடி விட்டுப் பாத்தன். சுகந்தி சிரிக்கேல்லை. போட்ட மை கலங்கினது. "எவ்வளவு ஆசையாப் பழகினனான். இனிச் சனத்துக்கு என்ன விளங்கப்போகுது?" எண்டா. அப்பதான் என்ரை பிழை எனக்கு உண்மையா விளங்கினது. வீட்டை போய் எடுத்துக்கொண்டு வர நேரமில்லை. மேடையிலை ஆரணி அவையின்ரை பேரைக் கூப்பிட்டிட்டாள்.

அந்த நேரம் பாத்து முன்வரிசையிலை பஸ் அம்மா மூண்டாம் பாகத்தை விரிச்சுப் பக்கத்து ஆக்களுக்குக் காட்டுறா.

"அப்பா!!!"

ஆரணி மைக்கிலைதான் கத்தினாள். மண்டபம் முழுக்க வாசலிலை நிண்ட என்னைத் திரும்பிப் பாத்துது.

இசபெல் வெறுங்கையோடை மேடையேறினா. "இந்தப் பாட்டிலை ஒரு பெண் சொல்லுறா... இண்டைக்கு நான் ஒருத்தருக்காகவும் காத்திருக்கேல்லை... எனக்காகத்தான் உடுத்தினனான்... பிறகு கோரஸிலை வந்து..." சொல் வரேல்லை. முழிசுறா. சுகந்தி குனிஞ்சு நிலத்தைப் பாக்கிறா.

பஸ் அம்மா எழும்பினா. ஆல்பத்தை உயத்திப் பிடிச்சுக்கொண்டு, கணீரெண்டு சொன்னா.

"இங்கன் மன்! பாரெ ஃபெஸ்ட்!"

இசபெல் துள்ளினா. "அதேதான்! கோரஸ் அதேதான்!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரிச்சுது, பிறகு கை தட்டினது. பாட்டுத் தொடங்கினது. ஒவ்வொரு கோரஸுக்கும் சனமே "இங்கன் மன்!" எண்டு கத்துது. சுகந்தி சிரிச்சுக்கொண்டு ஆடினா. இவ்வளவு வடிவா ஆடுவா எண்டு எனக்குத் தெரியாது. வாசலிலை நிண்டு கண்ணைத் துடைச்சன். சொல்ல வெக்கமில்லை.

ஆரணி மேடையாலை இறங்கி வந்தாள். மூண்டாம் பாகத்தை என்ரை கையிலை வைச்சாள். வாசலிலை ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினாள். பெண்களுக்கு மட்டுமாம்.

"கோரஸைக் கேட்டனீங்கள்தானே, அப்பா?" எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினாள்.

உள்ளை கொண்டாட்டம். வெளியிலை நானும் ஃபெம் ஆல்பமும்.