சிவப்பு நாடாவோடு போன நண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வருந்தவில்லை. இந்த மாதிரிக் கட்டுரை எழுதுகிறவர்கள் "அன்று நான் எவ்வளவு முட்டாளாக இருந்தேன்" என்று ஆரம்பிப்பார்கள். நானும் முட்டாளாகத்தான் இருந்தேன், ஆனால் சரியான பக்கத்தில் நின்ற முட்டாள். என் தங்கை வீட்டில் இதை இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் எழுத்தில் வைக்கிறேன்.

அறுபதுகளில் நாங்கள் தாராவியில் இருந்தோம். நான் மீன்பிடி சம்பந்தமான ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். (எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.) அங்கே ஓர் அதிகாரி நண்டைப் பற்றி அறிக்கை எழுதினார். கழிமுகத்தில் சினை நண்டுகளை இப்படியே அள்ளிக்கொண்டிருந்தால் கொஞ்ச காலத்தில் அள்ளுவதற்கு நண்டே இருக்காது என்பது அதன் சாரம். எழுதியவர் மதியச் சாப்பாட்டுக்கு நண்டு வறுவல் கொண்டுவந்தார். திருத்தியவர் அதில் இரண்டு கால்களை வாங்கிக்கொண்டார். மூன்று பிரதி டைப் அடித்த நான் ஒருவன்தான் அதை நம்பியவன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை செல்வத்துக்குக் கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டார் செம்பூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: ஆடு, கோழி எல்லாம் வேண்டாம், சினை நண்டுக் குழம்பு போதும், தன் மகனுக்கு அது உயிர்.

"ஏல, இன்னைக்கு விருந்துலதான் அந்த வீட்டுல செல்வத்துக்கு என்ன மதிப்புன்னு முடிவாவும்," என்றாள் அம்மா, என் கையில் கூடையைத் திணித்து. "பன்னெண்டு நண்டு. பூராவும் பொட்டை. சினை இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்து வாங்கு."

மாஹிம் காடி என்று நாங்கள் சொல்லும் கழியின் கரையில் சகுபாய் என்ற கோலி மீனவப் பெண் நண்டு விற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சத்தைக் கூடையில் சுமந்து எங்கள் சந்துக்கும் வருவாள். அன்றும் ஞாயிறு. அவளிடம் கொடுக்குகளைக் கட்டும் கயிறு தீர்ந்திருந்தது. என் சட்டைப் பையில் எப்போதும் கோப்பு கட்டும் சிவப்பு நாடா ஒரு சுருள் இருக்கும். (ஆபீஸ் சொத்துதான். அதற்கும் வருந்தவில்லை.) அவள் நண்டைக் காலால் அமுக்கிப் பிடிக்க, நான் கட்டினேன். என் முடிச்சுகளைப் பற்றி இங்கே ஒரு தகவல் சொல்ல வேண்டும். நான் கட்டிய கோப்புகள் அலமாரியிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் அவிழ்ந்து தரையில் கொட்டும் என்பது ஆபீஸ் முழுவதும் அறிந்த விஷயம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் கட்சிக்கு இது ஒன்றுதான் சாட்சி.

"பைலே டோக்ரி பர் ஜாதா தா," என்றாள் சகுபாய், பாதிகூட நிரம்பாத கூடையைக் காட்டி. முன்பெல்லாம் கூடை நிறையுமாம். பிறகு பன்னிரண்டு சினை நண்டுகளை அவளே என் கூடையில் போட்டாள்.

கரையோரமாக நடந்தேன். கூடைக்குள் சரசரவென்று சத்தம். என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது, வியாதி. ஒவ்வொன்றின் வயிற்றிலும் லட்சக்கணக்கான முட்டை, பெருக்கு பன்னிரண்டு. வழி நெடுகப் பெருக்கினேன். அந்தத் தொகையை ஒரே வேளையில் ஒரு மாப்பிள்ளை தின்று ஏப்பம் விடப் போகிறார். கால் நின்றுவிட்டது.

ஒவ்வொன்றாக எடுத்துக் கழியை நோக்கி வீசினேன். நாடாவை அவிழ்க்கவில்லை. கடித்துவிடுமே என்ற பயம்தான், வேறு தத்துவம் ஒன்றுமில்லை. தண்ணீரில் ஊறித் தானே கழன்றுவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றும் "சொத்" என்று விழுந்தது. தண்ணீரில் விழுகிற பொருள் "சொத்" என்று சொல்லாது என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீர் வற்றிய நேரம் அது. அத்தனையும் சேற்றில் விழுந்திருந்தன. நானோ கம்பீரமாக இருக்கட்டும் என்று திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

வீட்டில் மசாலா அரைத்துத் தயாராக இருந்தது.

"நண்டு எங்கல?"

"காடியில விட்டுட்டேன்."

"தவறி விழுந்துட்டா?"

"இல்லம்மா. நானா விட்டேன்."

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை என்று தெரிந்ததும்தான் திட்ட ஆரம்பித்தாள். பாதித் திட்டில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார், பின்னால் செல்வம், அதற்கும் பின்னால் சம்பந்தி அம்மாள். அவர் உட்காருவதற்கு முன்பே மூக்கை உறிஞ்சி, "மசாலா மணக்கு, நண்டு மணக்கலையே," என்றார். செல்வம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்த அண்ணனும் வாங்கக் கூடாது.

அப்போதுதான் சகுபாய் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"தும்ஹாரா லட்கா பாகல் ஹை க்யா?" என்று அம்மாவிடம் கேட்டபடி கூடையை இறக்கினாள். துட்டுக் கொடுத்து வாங்கி, சேற்றில் வீசிவிட்டுப் போகிறானே, உன் பிள்ளைக்குப் பைத்தியமா என்று கேட்கிறாள். கூடைக்குள் என் நண்டுகள். ஒவ்வொன்றின் கொடுக்கிலும் சர்க்கார் சிவப்பு நாடா.

சம்பந்தி அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன மைனி, உங்க வீட்டுல நண்டுக்கெல்லாம் ரிப்பன் கட்டுவியளோ?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆகவே நான் பேசினேன். அறிக்கையின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். டைப் அடித்ததால் மனப்பாடம்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எம் மவன் நண்டே திங்கப்படாதோ?" என்றார் சம்பந்தி அம்மாள்.

"ஆண் நண்டு தின்னலாம்."

"கேட்டியாய்யா?" என்று மகனிடம் திரும்பினார். "ஆம்பளைன்னா கொல்லலாமாம். இந்த வீட்டுலதான் நீ பொண்ணு எடுத்திருக்க." மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை," என்றாள் செல்வம். கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரிடம் அவள் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னாள். "எங்க அண்ணனுக்கு இந்த ஒரு கிறுக்குதான். மத்தபடி நல்லவன். அவனைப் பாத்துச் சிரிக்காதிய."

சம்பந்தி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு கிறுக்குதானா? தாங்கிக்கிடலாம். எம் மவனுக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு நண்டு, இன்னொண்ணு போகப் போகத் தெரியும். போ, உலையை வை."

அம்மா அதே நண்டுகளை இரண்டாம் தடவையாக விலைக்கு வாங்கினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் என் வியாதிப்படி எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். பதினொன்று.

"பாரவா கிதர்?" பன்னிரண்டாவது எங்கே என்று சகுபாயிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் என் குடும்பம் வழக்கை முடித்துவிட்டது: பன்னிரண்டாவது நண்டு சகுபாய் வீட்டு அடுப்பில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் முடிச்சு அவிழும். ஆபீஸே சாட்சி. பன்னிரண்டில் ஒன்றாவது அவிழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அன்று ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். சினை நண்டை அதன் பிறகு நான் தொட்டதில்லை. இப்போது அந்தக் கழியில் நண்டு கிடையாது, தண்ணீர் என்று சொல்லும்படியும் ஒன்றும் கிடையாது. அறிக்கை எழுதியவர், திருத்தியவர், தின்றவர் எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கு எத்தனை நண்டு விட்டார்கள் என்று சொல்லட்டும். என் கணக்கு என்னிடம் இருக்கிறது.

செம்பூரில் தங்கை வீட்டில் நண்டு வாங்கினால் இன்றும் எனக்குப் போன் வருகிறது: "மாமா, உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க, பாக்க வர்றீங்களா?" அந்த வீட்டில் எது தொலைந்தாலும், கரண்டியோ, குடையோ, டிவி ரிமோட்டோ, "சிவப்பு நாடாவோட காடிக்குப் போயிருச்சு" என்பார்கள். எங்கள் தாராவியையே பார்த்திராத பேரப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும்.

நான் சிரிப்பதில்லை. ரிமோட் சோபாவுக்கு அடியில் கிடக்கும். நண்டு போனது.