மலையை இடமாகச் சுற்றப் போனவன்

1993 ஏப்ரல் 18, ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். காற்று இல்லை, மேகம் இல்லை, அந்நேரத்துக்கே புழுக்கம். அண்ணாமலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் தொடங்கியது. நாற்பது ஆண்கள். நாற்பத்தொன்றாவது ஆள், பி.டி. டீச்சரான என் மனைவி வசந்தா.

"பொம்பளைங்களுக்குத்தான் மூணு கிலோமீட்டர் தனியா வெச்சிருக்கோமே, டீச்சர்!" என்று விழாக்குழுச் செயலாளர் இரண்டு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: "பின்னாடியே ஆம்புலன்ஸ் வரும். அதுல ஏறிட்டீங்கன்னா, இனிமே எந்தப் பொம்பளையும் இதைக் கேக்கக் கூடாது."

எனக்கு மூன்று இரவு தூக்கமில்லை. (அவள் நன்றாகத்தான் தூங்கினாள்.) இரண்டு லிட்டர் தண்ணீரில் பன்னிரண்டு கரண்டி குளுக்கோஸ் கலந்து, கேனை சைக்கிளில் கட்டினேன். எதிர்ப்பக்கமாகப் போனால் பாதி வழியில் அவளைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஈசானிய லிங்கத்தருகே பூக்காரம்மா குறுக்கே வந்து நின்றார். "யோவ், மலைய எடமா சுத்துறியே, படிச்சவன்தானே நீ? திருப்புய்யா வண்டிய!" கிரிவலம் வந்த ஏழு பேர் சேர்ந்துகொண்டார்கள். திருப்பினேன்.

ஊரைத் தாண்டி, செங்கம் சாலையில் விரட்டினேன். நிருதி லிங்கம் தாண்டியதும் சைக்கிள் சங்கிலி அறுந்தது. தூரத்தில் ஆம்புலன்ஸின் பின்புறம் தெரிந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாக்கு வறண்டது. ஆனாலும் ஒரு வாய் குடிக்கவில்லை. அது அவள் பங்கு அல்லவா! முந்நூற்றுப் பதினோராவது அடியில் கண் இருட்டியது.

விழித்தபோது ஆம்புலன்ஸுக்குள் இருந்தேன். மடியில் நிறைகுடமாகக் கேன்.

சைரன் அலற, வந்த வழியே திரும்பிய வண்டி, பந்தயம் முடியும் திடலுக்குள் நுழைந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்தார். "நாங்க அப்பவே சொன்னோம். கேட்டாங்களா? பாவம், டீச்சர்..."

கதவு திறந்தது. வேட்டியைப் பிடித்தபடி நான் இறங்கினேன்.

திடலே சிரித்தது. செயலாளர் மைக்கை அணைக்க மறந்து, "இன்னா சார், நீங்களா?" என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வசந்தா ஓடிவந்தாள். ஒரு மணி முப்பத்தொரு நிமிடம், இருபத்திரண்டாவது இடம். மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, ஓடினது நானு. வண்டியில நீங்க ஏன் வந்தீங்க?"

அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஒன்பது பெண்கள். கூடவே ஒரு புதிய விதி: ஓடுகிறவர்களின் கணவர்கள் திடலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றும் என் வீட்டில் யாராவது தும்மினால், "முதல்ல அப்பாவுக்கு ஆம்புலன்ஸ் சொல்லு" என்கிறாள் என் மகள்.

வசந்தாவின் தீர்ப்புதான் கடுமை. "வண்டியில வந்தீங்களே, அதை நடந்து கழிங்க. பௌர்ணமி தவறாம. வலமா!" மூட்டு தேயும் வரை நடந்தேன். ஆறு கிலோமீட்டர் சவாரிக்கு நான் கொடுத்தது நூற்றிருபத்தைந்து சுற்று. அதாவது, ஆயிரத்து எழுநூற்றைம்பது கிலோமீட்டர்.