சுவேதாவின் நாலாவது பெடல்

"அப்பா, பெடல் வழுக்குது."

ஒற்றைச் சக்கர சைக்கிளிலிருந்து குதித்த ஏழு வயது சுவேதா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலனி விளையாட்டு விழா. அதில் மகள் ஒற்றைச் சக்கரத்தில் மைதானத்தைச் சுற்றிவருவாள் என்று முத்துக்குமார் பெயர் கொடுத்துவிட்டார். கம்பெனியில் தன் செக்‌ஷன் ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்தும்விட்டார்.

ஓசூர் சிப்காட்டில் அவருக்குத் தரப்பரிசோதனை வேலை. குறையுள்ள பாகத்தைக் கண்டால் சிவப்புச் சீட்டு கட்டாமல் கை அடங்காது. அந்த பிளாஸ்டிக் பெடலுக்கும் கட்டினார்.

தினமும் ஓவர்டைம் முடித்து இரவு பத்து மணிக்கு வருபவர், மறுநாள் மாலை ஆறு மணிக்கே, பல் வைத்த இரும்புப் பெடலோடு வந்து மாட்டினார்.

"கடிக்குதுப்பா."

ஷூவின் அடிப்பாகம் உண்மையிலேயே பிய்ந்திருந்தது. சிவப்புச் சீட்டு.

புதன்கிழமை இரும்பின்மேல் ரப்பர் ஷீட்டைச் சுற்றினார். பெடல் செங்கல் கனத்துக்கு வந்துவிட்டது.

"கால் வலிக்குதுப்பா."

"விடுங்களேன், அவளுக்கு வரலைன்னா வரலை," என்றாள் மனைவி மோகனப்ரியா.

"வராம எப்படிப் போகும்? எம் பொண்ணு ஓகே. பார்ட்டுதான் ரிஜெக்ட்."

வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டு, அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்கே போய், நீலநிறப் பெடல் வாங்கிவந்தார். மோகனப்ரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மொதல்ல இருந்ததும் இதேதானே?"

"அது கருப்பு."

சுவேதா ஏறினாள். மூன்றடி போய் விழுந்தாள்.

"லூசா இருக்குப்பா."

சனிக்கிழமை முழுக்க முத்துக்குமார் தரையில் உட்கார்ந்து முடுக்கினார். சுவேதா நகராமல் பக்கத்திலேயே இருந்து ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தாள்.

ஞாயிறு வந்தது. செக்‌ஷன் ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

விசில் ஒலித்தது. சுவேதா ஏறி, கைகளை விரித்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாள் வேறு.

"எம் பொண்ணுய்யா! எம் பொண்ணு!" முத்துக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. காலனியைப் பெருக்கும் நஞ்சம்மா, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களாம்மா? நாலு ட்ரையல். நாலாவது பெடல்ல பாஸ்!"

"மொத பெடல்லயே இந்தக் காலனிய மூணு சுத்து சுத்துச்சு சார் பாப்பா. 'அப்பாகிட்ட சொல்லிறாதீங்கக்கா, பெடல் சரியாயிட்டா மறுபடி ஓவர்டைம் போயிடுவாரு'ன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கிருச்சு."